மத்தியானத்துக்கு வாங்கோ

இருங்கோ பிள்ளை, இருங்கோ. பார்சலை எடுக்கிறன். பைல் என்ரை மடியிலை கிடக்கட்டும், பார்சலைக் காலடியிலை... இல்லை, காலடியிலை வேண்டாம். சாப்பாட்டுச் சாமான். சரி, பைலுக்கு மேலை வைக்கிறன். நீங்கள் வடிவா இருங்கோ.

வவுனியாவோ? நானும் வவுனியாதான். இது போய்ச் சேர ரெண்டரை மணித்தியாலம் எடுக்கும். உந்தப் பாட்டை ஒருக்காக் குறைக்கச் சொல்லுங்கோ அந்தக் கொண்டக்டர்த் தம்பியட்டை. நான் ரெண்டு தரம் சொல்லிப்போட்டன். கோட்டிலை நான் எழும்பினால் நீதிபதியே பேனையை வைச்சிட்டுக் கேப்பார். இவன் என்னடாவெண்டால் சிரிச்சுக்கொண்டு அங்காலை போறான்.

ஓம், சட்டத்தரணிதான். கறுப்புக் கோட்டைக் கண்டிட்டியள் என்ன? பைக்குள்ளை எப்பிடி மடிச்சு வைச்சாலும் அதின்ரை கை வெளியாலை நீட்டிக்கொண்டு நிக்கும். முப்பத்திரண்டு வருசம். காணி வழக்கு, விவாகரத்து, அதொண்டும் இல்லை. காணாமல் ஆக்கப்பட்டவையின்ரை வழக்குகள். இப்ப அதுக்குப் பெரிய பேர் ஒண்டு வைச்சிருக்கினம், நிலைமாறுகால நீதி எண்டு. ஹோட்டல்களிலை பட்டறை வைப்பினம். ஏசி போட்டு, பெரிய வெள்ளைத் தாளும் கலர்ப் பேனையும் தந்து, உண்மை, நீதி, இழப்பீடு, மீள நிகழாமை எண்டு நாலு வட்டம் கீறச் சொல்லுவினம். நானும் கீறியிருக்கிறன். எத்தினை வட்டம்! கீறிப்போட்டு வெளியிலை வந்தால் கேற்றடியிலை எங்கடை சனம் படத்தைத் தூக்கிக்கொண்டு வெயிலுக்கை நிக்கும். எனக்கு அப்பிடியே பத்திக்கொண்டு வரும்.

நீங்கள் என்ன வேலை? நேர்சோ? நல்லது. அப்ப உங்களுக்கு விளங்கும். நீங்கள் ஒரு ஆளைப் பதின்மூண்டு வருசம் மருந்து குடுத்துப் பாக்கிறியள் எண்டு வையுங்கோ. இன்னும் ஒரேயொரு குளிசை விழுங்கவேணும். அதை நீட்டேக்கை அந்த ஆள், "மிஸ், முதல்லை நீங்கள் சோறு தின்னுங்கோ, பேந்து நான் விழுங்கிறன்" எண்டு சொன்னால் உங்களுக்கு எப்பிடி இருக்கும்? செவிட்டிலை அறையத் தோணாதோ?

எனக்கு இண்டைக்கு அதுதான் நடந்தது. அதுதான் இப்பிடி இருக்கிறன்.  இன்னும் கோவம் ஆறேல்லை.

தவமலர் எண்டு பேர். என்ரை கட்சிக்காரி. புருசன் கிருபாகரன். வாகனம் திருத்திறவர். சண்டையின்ரை கடைசி நாளிலை பாலத்தடியிலை, இயக்கத்திலை ஒருநாள் இருந்தவையும் வந்து பதியுங்கோ எண்டு ஆமிக்காரர் ஒலிபெருக்கியிலை கூப்பிட, இவள்தான் அவரைப் போகச் சொன்னவள். "போய்ப் பதிஞ்சிட்டு வாங்கோ, அவங்கள் சொல்லுறாங்கள்தானே" எண்டு. தன்ரை கையாலைதான் குடுத்தவள். நீலப் பஸ். பின்பக்கம் மூண்டாவது யன்னல். பின்னேரத்துக்கிடையிலை வந்திடுவன் எண்டு கையைக் காட்டினவர். அதோடை சரி. இது நான் அவளின்ரை வாயாலை கேட்டு எழுதினது. சனத்தின்ரை வாயிலை வாறதை அப்பிடியே எழுதுறவள் நான், ஒரு சொல்லும் மாத்தமாட்டன். ஜெனிவாவிலையும் அதைத்தான் சொன்னனான். ரெண்டு நிமிசம் தந்தவங்கள். அந்த ரெண்டு நிமிசத்திலை அந்த மூண்டாவது யன்னலைச் சொல்லிப்போட்டுத்தான் இருந்தன்.

ஆட்கொணர்வு மனு போட்டு இந்த மாசத்தோடை பதின்மூண்டு வருசம். பதின்மூண்டு வருசத்திலை என்ன நடந்தது எண்டு கேளுங்கோ. தவணை நடந்தது. அரச சட்டத்தரணிக்குக் காய்ச்சல், தவணை. அதிகாரிக்கு வெளிநாட்டுப் பயிற்சி, தவணை. பைல் கொழும்பிலை, தவணை. பைல் வந்திட்டுது, நீதிபதிக்கு இடமாற்றம், தவணை. பதிஞ்ச ஆக்களின்ரை பட்டியல் இருக்குது எண்டு ஒரு அதிகாரி கூண்டிலை ஏறிச் சொன்னார். அப்ப கொண்டாங்கோ எண்டன். அடுத்த தவணைக்கு ஒரு பட்டியலோடை வந்தார். எங்கடை ஆக்கள் அதிலை ஒருத்தரும் இல்லை. இது வேற பட்டியல் ஐயா எண்டன். தவணை.

இவ்வளவுக்கும் நான் விடேல்லை. இந்த வழக்குக்காக நான் என்னத்தையும் செய்வன் பிள்ளை. கலியாணம் கட்டேல்லை. கொழும்பிலை நல்ல இடத்திலை கூப்பிட்டவங்கள், போகேல்லை. சி.ஐ.டி. வீட்டுக்கு வந்து ஏன் அம்மா உங்களுக்கு உந்த வேலை எண்டு கேட்டவங்கள். தேத்தண்ணி குடுத்து அனுப்பினனான்.

என்ரை தமையன் ஒராள் இருக்கிறார், நித்தியானந்தன் எண்டு. தொண்ணூறாம் ஆண்டு மட்டக்களப்புப் பக்கம் படிப்பிக்கப் போனவர், வாகனத்திலை ஏத்தினவங்கள். அது வேற கதை. அதை விடுங்கோ.

இந்த வழக்கு நிண்டதே என்னாலைதான். எப்பிடித் தெரியுமோ? அரசாங்கத்துக்காரர் எப்பவும் ஒண்டைத்தான் பாத்துக்கொண்டிருப்பாங்கள், குடும்பம் எப்ப செத்திட்டார் எண்டு ஒத்துக்கொள்ளும் எண்டு. மரணச் சான்றிதழ் எடுங்கோ, உதவி தாறம் எண்டு வருவாங்கள். எடுத்தால் மனு அதோடை முடிஞ்சுது. செத்த ஆளை ஆர் கொண்டுவந்து நிப்பாட்டிறது? அதாலை முதல் நாளே தவமலரை இருத்தி வைச்சுச் சொல்லிப்போட்டன். செத்திட்டார் எண்ட சொல் உம்முடைய வாயிலை வரக்கூடாது. வீட்டிலையும் வரக்கூடாது. திவசம், விரதம், படத்துக்கு மாலை, ஒண்டும் கூடாது. பொட்டை அழிக்கக்கூடாது.

ஒரு தவணைக்கு வந்தாள், நெத்தியிலை பொட்டு இல்லை. வேர்வைக்கு விழுந்திட்டுதாம். நான் என்ரை நெத்தியிலை கிடந்ததை உரிச்சு எடுத்து அவளின்ரை நெத்தியிலை ஒட்டிவிட்டுத்தான் உள்ளுக்குக் கூட்டிக்கொண்டு போனனான். இப்பிடிப் பாக்கிற லோயர் இருக்கினமோ சொல்லுங்கோ?

கணவனை இழந்தோர் எண்டு ஒரு பட்டியல் போட்டு, ஒரு நிறுவனம் கோழிக்கூடும் குஞ்சுகளும் குடுத்தது. இவளின்ரை பேரும் அதிலை. எனக்குத் தெரிய வந்ததும் போய், திருப்பிக் குடுக்க வைச்சனான். குஞ்சுகள் அப்ப இவ்வளவுக்கு வளந்திட்டுது. சின்னப்பெட்டை, மகள் கலைநிலா, ஒரு குஞ்சைத் தூக்கி வைச்சுக்கொண்டு குடுக்கமாட்டன் எண்டு குழறினது. குழறட்டும். கோழியோ அப்பாவோ எண்டு கேட்டன். குடுத்திட்டுது.

பேந்து அந்தக் கலைநிலாவுக்குக் கலியாணம் வந்தது. கார்ட் அடிக்க முதல் எனக்குத்தான் காட்டவேணும் எண்டு சொல்லி வைச்சனான். நல்ல காலம். "காலஞ்சென்ற கிருபாகரன்" எண்டு போட்டிருந்துது! அச்சகத்துக்காரன் தன்ரை பாட்டிலை போட்டதாம். சிவப்புப் பேனையாலை வெட்டிப்போட்டு, திரு திருமதி கிருபாகரன் தம்பதிகள் எண்டு திருத்தினன். வந்த சனம் எல்லாம் பொம்பிளையின்ரை தேப்பன் எங்கை எண்டு கேட்டதாம். தவமலர் குசினிக்குள்ளை போய் நிண்டுகொண்டாளாம். நான் அந்தக் கார்ட்டைக் கோட்டிலை பி-பதினொண்டு எண்டு ஆவணமாப் போட்டனான். நல்ல ஆவணம். நீதிபதி திருப்பித் திருப்பிப் பாத்தவர்.

இப்பிடிக் கட்டிக் காத்த வழக்கைத்தான் பிள்ளை, ஒரு கல்வெட்டாலை உடைச்சுப்போட்டாள்.

கல்வெட்டு உங்கடை பக்கத்திலையும் அடிக்கிறதுதானே? செத்தவைக்குச் செய்யிற அந்தியேட்டிக்கு வாற ஆக்களுக்குக் குடுக்கிற சின்னப் புத்தகம். முன்னட்டையிலை படம், உள்ளுக்குத் தேவாரம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பின்னட்டையிலை நன்றி நவிலல். இந்த உலகத்திலை எங்கடை சனத்தைத் தவிர வேற ஆரும் இப்பிடி ஒரு வேலை செய்வினமோ எண்டு எனக்குத் தெரியாது. செத்ததுக்குச் சாட்சியம் எழுதி, வெண்பாவிலை எழுதி, முந்நூறு பிரதி அடிச்சு ஊரெல்லாம் குடுக்கிறது! போன வருசம் வைகாசியிலை கிருபாகரனுக்கு அடிச்சிருக்கினம். எனக்குத் தெரியாது. என்னை அந்தியேட்டிக்குக் கூப்பிடேல்லை. எப்பிடிக் கூப்பிடுவாள்?

அதிலை எது இருந்தாலும் நான் சமாளிச்சிருப்பன். ஆனா திதி வெண்பா எண்டு ஒண்டு போடுவினம் பாருங்கோ, இன்ன வருசம், இன்ன மாசம், தேய்பிறையோ வளர்பிறையோ, இன்ன திதி எண்டு. அதிலை அச்சொட்டாக் கிடக்குது, வைகாசி, தேய்பிறை, நவமியிலை சிவபதம் அடைந்தார் எண்டு. அவர் நீலப் பஸ்ஸிலை ஏறின அதே நாள்! பஸ்ஸிலை ஏறின நாளையே செத்த நாள் ஆக்கிப்போட்டினம். எந்தக் கழுதை அந்த வெண்பாவை எழுதினதோ தெரியாது, ஆனா தளை தட்டேல்லை. அதை வேற நான் ஒப்புக்கொள்ளவேணும்.

போன மாசம் தவணைக்கு அரச சட்டத்தரணி, சின்னப் பெடியன், கொழும்பு, தலைக்கு எண்ணெய் தேச்சு வாரினவன், எழும்பி நிண்டு பைலுக்குள்ளாலை அந்தக் கல்வெட்டை எடுக்கிறான்.  அட்டையிலை இருந்தது நான் பெருப்பிச்சுக் குடுத்த படம். மனுவிலை பி-மூண்டு. மொழிபெயர்ப்பாளர் பாவம், வெண்பாவை வைச்சுக்கொண்டு முழிச்சு முழிச்சுச் சொல்லுறார், சிவன்ரை பாதத்தை அடைந்தார் எண்டு.

நான் விடுவனோ? எழும்பினன். கனம் நீதிபதி அவர்களே, சிவன்ரை பாதம் எங்கை இருக்கெண்டு என்ரை கற்றறிந்த நண்பருக்குத் தெரிஞ்சிருக்குது, ஆனா அந்தப் பஸ் எங்கை போனதெண்டு மட்டும் பதின்மூண்டு வருசமாத் தெரியேல்லை எண்டன். கோட்டுக்குள்ளை சிரிச்சுப்போட்டினம். நீதிபதியும் வாயைப் பொத்தினவர். அந்த இடத்திலை வழக்கு என்ரை கையிலை வந்திட்டுது பிள்ளை. அவள் பேசாமல் நிண்டிருந்தால் காணும்.

நீதிபதி தவமலரைப் பாத்துக் கேட்டார். "அம்மா, உங்கடை கணவர் இறந்துவிட்டாரா?"

இதுக்குப் பதில் நான் சொல்லிக் குடுத்திருக்கிறன். ஒருக்கா இல்லை, நூறு தரம். "உயிருடன் இருக்கிறார் எண்டு நம்புறன் ஐயா." அவ்வளவுதான். நித்திரையாலை எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவாள். நான் அவளைப் பாத்துத் தலையை ஆட்டினன், சொல்லும் எண்டு.

அவள் என்னைப் பாக்கேல்லை. கூண்டுக் கட்டையைப் பிடிச்சுக்கொண்டு, "ஐயா, நான் அதைக் கேட்டுத்தானே பதின்மூண்டு வருசமா உங்களட்டை வாறன். நீங்கள் என்னட்டைக் கேக்கிறியள்" எண்டாள்.

 அந்தக் கொழும்புப் பெடியன் கல்வெட்டைக் கீழை வைச்சிட்டான். நீதிபதி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கொண்டே இருந்தார்.   சொல்லிக் குடுத்த பதில் அது இல்லையே! பதின்மூண்டு வருசத்திலை முதல் தரம் அவள் பிழையாப் பதில் சொன்னாள். வெளியிலை கொண்டுவந்து வைச்சுப் பேசினன் பாருங்கோ, சிற்றுண்டிச்சாலைக்காரன் எட்டிப் பாத்தான்.

கடைசியிலை நீதிபதி ஒரு தவணை தந்தார். வாற செவ்வாய்க்கிழமை. கல்வெட்டைப் பற்றி மனுதாரர் விளக்கம் சொல்லிச் சத்தியக்கடதாசி போடவேணும். போடாட்டில் அவங்கடை ஆட்சேபனையை எடுத்துக்கொள்ளுவன் எண்டார். எடுத்துக்கொண்டால் மனு தள்ளுபடி. பதின்மூண்டு வருசம், அள்ளிக் குப்பையிலை கொட்டவேண்டியதுதான்.

நான் ஒரு கிழமை இருந்து எழுதினன். இந்தா, இந்தப் பைலுக்குள்ளைதான் கிடக்குது. கல்வெட்டு அடிச்சது பாரிசிலை இருக்கிற கிருபாகரன்ரை தமையன், எனக்குத் தெரியாமல் அடிச்சவர், நான் அதை ஏற்கேல்லை எண்டு. என்ன பாக்கிறியள்? தமையனுக்கு ஒண்டும் வராது. பாரிசிலை போய் ஆர் கேக்கிறது? ஒரேயொரு கையெழுத்துத்தான் வேணும். நேற்று ரெலிபோன் எடுத்தன். நாளைக்கு வாறன் தவமலர், ஒரு கையெழுத்து எண்டன்.

"வாங்கோ அக்கா. மத்தியானத்துக்கு வாங்கோ" எண்டாள்.

அப்பவே எனக்கு விளங்கியிருக்கவேணும். கையெழுத்துக்கு என்ன மத்தியானம்? ஆனா அவர் பஸ்ஸிலை ஏறின பதினெட்டாந் திகதி முடிஞ்சு போச்சு, இனி அங்கை ஒண்டும் இராது எண்டுதான் நான் நினைச்சனான். எனக்கு எல்லாம் கோட்டுக் கலண்டர்தான் பிள்ளை. நவமி எப்ப வருது எண்டு பாத்துக்கொண்டு திரியிற ஆள் இல்லை நான். எங்கடை வீட்டிலை அந்தப் பழக்கமே இல்லை. அம்மா கேட்டவ. நித்திக்கு ஏதாவது செய்வமே பிள்ளை எண்டு கண்மூடுமட்டும் கேட்டவ. நான் விடேல்லை. அதை விடுங்கோ.

இண்டைக்குப் போறன், வீட்டு முத்தத்திலை கதிரை போட்டுக் கிடக்குது. ஐயர் சைக்கிளிலை வெளிக்கிட்டுப் போறார். வீட்டுக்குள்ளாலை வெந்தயக் குழம்பு மணக்குது. இண்டைக்கு நவமி, திவசம் எண்டு எனக்கு அப்பவும் மண்டையிலை ஏறேல்லை. உள்ளுக்குப் போனால் பி-மூண்டுக்கு மாலை! சந்தனப் பொட்டு, குங்குமம், முன்னாலை குத்துவிளக்கு. எனக்கு வந்த கோவத்துக்கு மாலையிலை கையை வைச்சிட்டன், கழட்டுவமெண்டு. செவ்வாய்க்கிழமை வழக்கு, ஆரும் ஒரு போட்டோ எடுத்துக் குடுத்தால் என்ன செய்யிறது?

"அன்ரி, கையை எடுங்கோ."

கலைநிலா. கோழிக்குஞ்சுக்குக் குழறின அதே பெட்டை. இப்ப வயித்திலை பிள்ளை, ஏழு மாசம். சத்தம் போடேல்லை. சும்மா சொன்னவள். நான் கையை எடுத்திட்டன். ஏன் எடுத்தனெண்டு எனக்கே தெரியாது.

தவமலர் வந்தாள். நெத்தியிலை விபூதி மட்டும். கடதாசியை நீட்டினன். அவள் கையைத் துடைச்சுப்போட்டு வாங்கினாள், வாசிக்கேல்லை, விளக்குக்குப் பக்கத்திலை வைச்சாள். பிறகு என்னட்டைக் கதைச்சாள். பதின்மூண்டு வருசத்திலை அவள் அவ்வளவு கதைச்சு நான் கேக்கேல்லை.

"அக்கா, நான் கோட்டிலை அழுதனான். ஆணைக்குழுக்கள் மூண்டிலையும் அழுதனான். வெள்ளைக்காரர் வந்தால் நீங்கள் கூப்பிடுவியள், வந்து அழுதனான். எல்லாம் வழக்குக்கு. அவருக்கெண்டு என்ரை வீட்டிலை இருந்து நான் ஒருநாள் அழேல்லை. அதுக்குத்தான் ஒரு நாள் வேணுமெண்டு நினைச்சனான். பாரிஸ் அத்தானை இழுக்காதேங்கோ. வரலாறு நான் சொல்லச் சொல்லக் கலைநிலா எழுதினவள். எல்லாம் நான்தான்."

"நாள் உமக்கு எப்பிடித் தெரியும்? ஆர் தந்தது?" எண்டு கேட்டன்.

"நான் குடுத்த நாள் எனக்குத் தெரியாதோ அக்கா."

 இதைச் சாட்சியத்திலை எடுக்க ஏலாது எண்டு சொன்னன். 

அப்பதான் கண்டன். படத்துக்கு முன்னாலை படைச்சிருந்தது ரெண்டு இலை. ஒண்டு நடுவிலை, கிருபாகரனுக்கு. மற்றது கொஞ்சம் தள்ளி. சோறு, கறி எல்லாம் அளவா வைச்சு, பக்கத்திலை ஒரு புதுப் பேனை. நான் லோயர்தானே, உடனை கேட்டன், மற்ற இலை ஆருக்கு எண்டு.

"உங்கடை நித்தி அண்ணாவுக்கு."

 அவள்தான் சொல்லிக்கொண்டு போனாள். "படம் என்னட்டை இல்லை. படிப்பிச்சவர் எண்டு சொன்னனீங்கள்தானே, அதாலை ஒரு பேனை வைச்சனான். திதி தெரியாதாக்களை வேற ஆளோடை சேத்து நினைக்கலாம், பிழையில்லை எண்டு ஐயர் சொன்னவர்."

ஒரேயொருக்கா பிள்ளை. ஒரேயொரு நாள், கோட்டிலை கரண்ட் போய், மழை பெய்து, எல்லாரும் விறாந்தையிலை நிக்கேக்கை வாய் தவறி அவளட்டைச் சொன்னனான். அவள் கேட்டவள், அப்ப அண்ணாவுக்கு வழக்குப் போட்டனீங்களோ எண்டு. கண்ட சாட்சி இல்லை, துண்டுக் கடதாசி இல்லை, என்னத்தை வைச்சுப் போடுறது எண்டனான். அவ்வளவுதான் கதை. அது நடந்து ஏழெட்டு வருசம். அதை வைச்சிருந்து இண்டைக்கு இலை போடுறாள் எனக்கு!

கத்தினன். சபை சந்தி பாக்காமல் கத்தினன். "ஆரடி உனக்குச் சொன்னது அவன் செத்திட்டான் எண்டு?" நான் அவளை ஒருநாளும் நீர் எண்டதைத் தவிர நீ எண்டு சொன்னதில்லை. இண்டைக்கு வந்திட்டுது. முத்தத்திலை இருந்த ஆம்பிளையள் எழும்பிட்டினம்.

அவள் சொல்லுறாள், "ஆரும் சொல்லேல்லை அக்கா. எனக்கும் ஆரும் சொல்லேல்லை."

சொல்லிப்போட்டு அந்த இலைக்கு முன்னாலை பாய் போட்டாள். "இருங்கோ. இருந்து சாப்பிடுங்கோ. சாப்பிட்டால் நீங்கள் எங்கை காட்டுறியளோ அங்கை கையெழுத்து வைக்கிறன். பாரிஸ் அத்தான் அடிச்சதெண்டு கிடந்தாலும் வைக்கிறன். வாசிக்கவும் மாட்டன். சத்தியமா." விளக்கடியிலை கிடந்த கடதாசியை எடுத்து மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தாள், நான் இருக்குமட்டும் பாத்துக்கொண்டு.

ஒரு நேரச் சோறு. அவ்வளவுதான் கேட்டவள். அதுக்காக ஒரு வழக்கைப் பணயம் வைக்கிறாளே பாருங்கோ! பதின்மூண்டு வருசத்தை ஒரு சாப்பாட்டோடை கொண்டுபோய்க் கட்டுறாளே! இவ்வளவு பிடிவாதம் ஒரு பொம்பிளைக்குக் கூடாது பிள்ளை. தன்ரை சொந்தப் புருசன்ரை வழக்கு. கொஞ்சம் விட்டுக் குடுத்தால் என்ன குறைஞ்சு போகும்? வழக்குப் பெரிசோ, அவளின்ரை மனத்திருப்தி பெரிசோ?

இல்லை, நான் இருக்கேல்லை. எப்பிடி இருக்கிறது? இருந்து ஒரு வாய் வைச்சால் முடிஞ்சு போச்சே. நானும் ஒத்துக்கொண்ட மாதிரியெல்லோ? கடதாசியை அவளின்ரை மடியிலை இருந்து பறிச்சு எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டன்.

பஸ் ஸ்ராண்டிலை நிக்கிறன், பின்னாலை ஓடி வாறாள், காலிலை செருப்பும் இல்லாமல், தார் றோட்டிலை. இந்தப் பார்சலைக் கொண்டுவந்து கையிலை திணிச்சாள். அந்த இலையிலை இருந்ததை அப்பிடியே கட்டினதாம். சண்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. "சூடாக் கிடக்குது அக்கா, கவனம்" எண்டு மட்டும் சொன்னவள். பஸ் வெளிக்கிடுமட்டும் நிண்டவள். நான் திரும்பிப் பாக்கேல்லை. யன்னலாலை கண்டது, அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமைக்கு இன்னும் ஆறு நாள். நான் வேற வழி பாப்பன். நீதிபதியட்டை இன்னொரு தவணை கேப்பன். ஓம், தவணைதான். அவங்கள் மட்டும்தான் கேக்கலாமோ?

அது கிடக்கட்டும். நீங்கள் காலமை வெளிக்கிட்ட ஆளாக்கும், முகம் வாடிக் கிடக்குது. இரவு டியூட்டி எண்டும் சொல்லுறியள். இந்தாங்கோ, இதைக் கொண்டுபோய்ச் சாப்பிடுங்கோ. எனக்கு வேண்டாம். மூண்டு தரம் யன்னலாலை எறிய எடுத்தனான், சோத்தை எறியிறதுக்குக் கை வருகுதில்லை. சுத்தமான சமையல், அவள் நல்லாச் சமைப்பாள். பிடியுங்கோ. உங்களுக்கு என்ன, அது வெறும் சாப்பாடுதானே. பிடியுங்கோ எண்டுறன்.

சரி. பாரம் குறைஞ்சுது. இனிப் பைலை வடிவாப் பிடிக்கலாம்.

பிரிச்சுப் பாக்கிறியளோ? பாருங்கோ, பாருங்கோ. இலையிலை சுத்தினது, ஒழுகாது. என்ன கறி? வாழைக்காய்... பயித்தங்காய்... அது என்ன கறுப்பா, பாவக்காயோ? பாவக்காய் வைச்சிருக்கிறாள்! பாவக்காயைக் கண்டால் நித்தி அண்ணன் சோத்துக் கோப்பையோடை எழும்பிப் போயிடும். அம்மா எனக்குப் போடுறதுக்குள்ளை அண்ணன் தன்ரை பங்கையும் என்ரை சோத்துக்குள்ளை தள்ளிப்போட்டு ஓடியிடும். நான்தான் ரெண்டு பேரின்ரையையும் தின்னவேணும். அதை இவளுக்கு ஆர் சொல்லுறது? ஒருத்தருக்கும் தெரியாது. இனி ஒருத்தருக்கும்...

தாங்கோ. அதை இஞ்சை தாங்கோ பிள்ளை. குறை நினையாதேங்கோ, தந்ததைத் திருப்பிக் கேக்கிறன் எண்டு. உங்களுக்கு வவுனியாவிலை நான் வேற வாங்கித் தாறன். இந்தப் பைலை ஒருக்காப் பிடியுங்கோ. பிடியுங்கோ, விழுந்தாலும் பரவாயில்லை.

அதைத் தாங்கோ எண்டுறன்.